வளி, கால், காற்று: ஒரு சொல்லின் வரலாறு

தமிழ்ச் சொற்கள் சிலவற்றின் பிறப்பையும் வளர்ச்சியையும் வரலாற்றோடு பொருத்தி நோக்கும் இத்தொடரில், இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வது ‘காற்று’ என்னும் சொல்.

காற்றைக் கண்ட கண் இல்லை. ஆனால் அது இல்லாமல் எந்தத் தொழிலும் நடந்ததில்லை. களத்திலே நெல் தூற்றிய உழவன், கரையிலே பாய் விரித்த கடலோடி, நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர், குழலூதிய கலைஞன், மூச்சடக்கி இருந்த யோகி ஆகிய எல்லோரும் அதனை நம்பியே வாழ்ந்தனர். அவர்கள் தத்தம் தேவைக்கு ஏற்ப அதற்குப் பெயர்களும் வைத்தனர். அதனாலேதான் கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு பொருளுக்குத் தமிழிலே இத்தனை பெயர்கள். அவற்றுள் சில இன்று நூல்களில் மட்டும் கிடக்கின்றன. சில நமது கரையோரங்களிலே இன்றும் மூச்சு விடுகின்றன. வாடை, கொண்டல் என்ற சொற்களை இலக்கியச் சொற்கள் என்று போற்றும் நாம், சோளகம், கச்சான் என்ற சொற்களைக் கண்டால் கொச்சை என்று முகஞ் சுளிக்கின்றோம். இது சரிதானா என்பதே இன்றைய பேச்சின் உள்ளே கிடக்கின்ற கேள்வி.

முதலில் மிகப் பழைய சொல்லைப் பார்ப்போம். அது ‘வளி’. தொல்காப்பியர் உலகத்தின் மூலப்பொருள்களைச் சொல்லும்போது நிலம், தீ, நீர் என்பவற்றோடு வளியையும் விசும்பையும் சேர்த்து ஐந்தென எண்ணுகிறார். அவ்வளவில் அவர் நின்றுவிடவில்லை. ‘வளி’ என்ற சொல் பிற சொற்களோடு புணரும்போது என்ன சாரியை பெறும் என்பதற்கும் எழுத்ததிகாரத்திலே தனியாக ஒரு விதி வகுத்துள்ளார். அந்த விதியிலே அவர் வெறுமனே வளி என்னாமல், பூதங்களுள் ஒன்றாகிய வளி என்று விதந்து கூறுகிறார். ஏன் அப்படிக் கூறினார்? அந்தச் சொல்லுக்கு அவையிலே சொல்லத் தகாத இன்னொரு பொருளும் வழங்கியமையால், அதனை விலக்குவதற்காகவே அவ்வாறு கூறினார் என்பது உரைகாரர் விளக்கம். சொற்களுக்கு இந்தச் சங்கடம் நேற்று இன்று வந்ததன்று என்பது இதனால் விளங்கும்.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று பிறப்பியலிலே உண்டு. எழுத்தொலிகள் எவ்வாறு பிறக்கின்றன என்று சொல்லத் தொடங்கும் தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழுகின்ற வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தும்போது எழுத்தொலியாகிறது என்கிறார். மொழி என்பது உருவம் பெற்ற காற்றே என்பது இதன் கருத்து. வானொலியிலே உங்களோடு பேசுகின்ற எனக்கு இந்தச் செய்தி எப்போதும் இனிப்பானது.

வளியைப் போலவே பழைமையான இன்னொரு சொல் ‘கால்’. கால் என்றவுடன் நாம் நடக்கும் காலைத்தான் நினைப்போம். ஆனால் பழந்தமிழிலே கால் என்பது காற்று, தேர்ச்சில்லு, வாய்க்கால், தூண், பொழுது, நாலில் ஒரு பங்கு எனப் பல பொருள் தந்த சொல். இவற்றுள் காற்று என்ற பொருளில் வந்த ‘கால்’ என்பதன் அடியாகவே ‘காற்று’ பிறந்தது. ‘வில்’ என்பது ‘விற்று’ என ஆவதைப் போல, லகரம் வல்லினத்தோடு சேரும்போது றகரமாவது நாம் அறிந்ததே. மலையாளத்திலும் காற்றுத்தான். கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே குடும்பச் சொற்கள் முதலெழுத்துக் கனத்து ஒலிக்க ‘காளி’, ‘காலி’ என வழங்குகின்றன. ஆகவே இது தென்னாட்டு மொழிகள் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட முதுசொம்.

காற்று என்ற பொருளிலே கால் என்னும் சொல் இன்று நம் பேச்சில் இல்லை. ஆனால் அது ஓர் அழகிய கூட்டுச்சொல்லிலே ஒளிந்து கிடக்கிறது. வீட்டுச் சுவரிலே காற்று வருவதற்காக விடும் வாயிலுக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் ‘காலதர்’. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். புகார் நகரத்து மாளிகைகளை வருணிக்கும் இளங்கோவடிகள் மானின் கண்போல அமைந்த காலதர்களைப் பற்றிச் சொல்கிறார். இப்பொழுது ஆங்கிலத்தை நோக்குங்கள். ஆங்கிலேயர் ‘விண்டோ’ என்று சொல்லுகின்ற சொல், வடஐரோப்பிய மக்களின் பழைய மொழியிலிருந்து வந்தது. அதன் நேர்ப்பொருள் ‘காற்றின் கண்’ என்பதாகும். ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கட் கூட்டத்தார், சுவரிலே ஒரு துவாரத்தை வைத்துவிட்டு ஒரே மாதிரி நினைத்திருக்கின்றார்கள்! அங்கே காற்றின் கண். இங்கே காற்றின் வழி, அதற்கு மானின் கண் உவமை.

ஆனால் நாம் இன்று காலதர் என்பதில்லை. ‘யன்னல்’ என்கின்றோம். இது போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன ‘ஜனேலா’ என்ற சொல். அந்தச் சொல்லின் மூலம் இலத்தீனிலே வாசலைக் குறிக்கும் சொல். ஆகவே காலதரை இழந்து யன்னலை ஏற்றபோது நாம் இழந்தது ஒரு சொல்லை மட்டுமன்று. சொல்லின் உள்ளே வீசிக்கொண்டிருந்த காற்றையும் சேர்த்தே இழந்தோம். அதற்காக யன்னலைத் தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நானூறு ஆண்டுகளாக நம்மோடு வாழ்ந்த சொல் நம்முடையதுதான். எதனைக் கொடுத்து எதனை வாங்கினோம் என்ற கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இனித் திசைக் காற்றுகளுக்கு வருவோம். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இவை சங்கப் பாடல்கள் தொட்டு வழங்கும் நான்கு பெயர்கள். வாடையிலே ‘வட’ என்ற திசையும் தென்றலிலே ‘தென்’ என்ற திசையும் வெளிப்படையாகத் தெரிகின்றன. மற்றைய இரண்டும் திசையைச் சொல்லவில்லை; அந்தக் காற்றின் செயலைச் சொல்லுகின்றன. கடலிலே நீரை முகந்து கொண்டு வருவதால் கொண்டல் என்பர். அதனாலே மேகத்திற்கும் கொண்டல் என்றே பெயர். மேல் காற்று வீசும் காலம் வெப்பக் காலமாதலால் கோடை என்பது காற்றின் பெயராகவும் பருவத்தின் பெயராகவும் நின்றது. இன்று கோடை என்றால் பருவம் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. காற்று மறைந்துவிட்டது.

இங்கேதான் நம் நாட்டுச் சொல் ஒன்றை அருகில் வைத்து நோக்க வேண்டும். மட்டக்களப்புப் பகுதியிலே ‘கச்சான்’ என்று ஒரு காற்று உண்டு. வைகாசி தொடக்கம் ஆவணி வரையிலே மேற்குப் பக்கமிருந்து வரண்டு, சுடச்சுட வீசுகின்ற காற்று அது. அதே மாதங்களிலே கொழும்பிலும் இரத்தினபுரியிலும் மழை கொட்டுகிறது. இது எப்படி? தென்மேற் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையாக இறக்கிவிடுகிறது. பின்னர் மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அது ஈரமற்றதாகவும் வெப்பம் ஏறியதாகவும் மாறிவிடுகிறது. இப்போது தமிழகத்தை நினையுங்கள். சேரநாட்டு மலைத்தொடரின் மேற்கிலே மழை. கிழக்கிலே, அதாவது பாண்டி நாட்டுச் சமவெளியிலே, அதே காற்று வரண்டு வீசுகிறது. அந்த வரண்ட மேல்காற்றுத்தான் சங்கப் புலவர்களின் கோடை.

எனவே மதுரைப் புலவனின் கோடையும் மட்டக்களப்பு மீனவனின் கச்சானும் ஒரே காற்றுக்கு, ஒரே காரணத்தால், மலையின் ஒரே பக்கத்திலே நின்று இடப்பட்ட இரண்டு பெயர்கள். ஒன்றை வகுப்பறையிலே வைத்து வியக்கிறோம். மற்றதைக் கேட்டால், கடலை விற்கிற வண்டிதான் பிள்ளைகளுக்கு நினைவு வருகிறது. நிலக்கடலைக்கும் நம் நாட்டிலே கச்சான் என்ற பெயர் இருப்பதனால், காற்றின் பெயர் அதன் அடியிலே புதைந்து போகின்றது. கச்சான் என்ற சொல்லைச் சிங்கள மக்களும் காற்றின் பெயராக எடுத்து வழங்குகின்றனர். இந்நாட்டு வானிலை நூல்களிலும் அது கலைச்சொல்லாக ஏறிவிட்டது. மற்றவர்கள் கலைச்சொல்லாகக் கொண்ட ஒன்றைத் தமிழ் மாணவன் கட்டுரையிலே எழுதினால் கொச்சை என்று கோடிடுவது என்ன நியாயம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆண்டை இரண்டாகப் பகுத்தது காற்றே. வைகாசியிலிருந்து புரட்டாசி வரையில் சோளகம். ஐப்பசி, கார்த்திகை தொடக்கம் தை வரையில் வாடை. இடையிலே கொண்டல் வரும், காற்று மாறும், கடல் ஓயும். சோளகம் என்பதைச் ‘சோழகம்’ என்று எழுதுவாரும் உளர். சோளகத்திலே மேற்குக் கரைகள் கொந்தளிக்கும். வாடையிலே வடக்குக் கரை கொந்தளிக்கும். ஆகையால் தொழிலாளர் காற்றுக்கு ஏற்ப இடம் பெயர்ந்து, வேற்றுக் கரையிலே வாடி அமைத்துத் தொழில் செய்வர். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தென்மேற் காற்றுக் காலத்திலே கிழக்குக் கரைக்கும் வடகிழக்குக் கரைக்கும் வந்து போகும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. காற்று மனிதரை இடம் மாற்றுகிறது. மாறிய இடத்திலே உறவும் பகையும் உண்டாகின்றன. செங்கை ஆழியான் அவர்கள் நெடுந்தீவுக் கரையை வைத்து எழுதிய நாவலுக்கு ‘வாடைக்காற்று’ என்று பெயரிட்டமை இதனாலேதான். 1973இல் நூலாக வந்த அக்கதை, 1978இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

இந்தப் பெயரைக் கேட்டவுடன் இலக்கிய மாணவருக்கு இன்னொரு வாடை நினைவு வரும். அது பத்துப்பாட்டிலே நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. மன்னன் பாசறையிலே, அரசி அரண்மனையிலே. வீசுகின்ற வாடை ஒன்றுதான். பிரிந்திருக்கும் அரசிக்கு அது நீண்டு செல்லும் வாடை, ஆதலால் நெடுவாடை. வினைமேற் சென்று வெற்றியை எதிர்நோக்கும் மன்னனுக்கு அது நல்வாடை. இரண்டையும் சேர்த்து நெடுநல்வாடை. ஒரே காற்று இருவருக்கு இருவிதமாகும் என்ற இந்த உண்மையைக் கடற்கரை மனிதரும் அறிவர். வாடை வந்தால் வடக்குக் கரையில் வள்ளம் ஏறிவிடும். அதே வாடை மழையோடு வந்தால் வயலிலே பயிர் தழைக்கும். ஒருவன் பட்டினி கிடக்கும் மாதத்திலே மற்றவன் பயிர் வளர்கிறது. நக்கீரர் அரண்மனையிலே கண்டதை நாம் ஊரிலே காண்கிறோம்.

காற்றைச் சகித்துக்கொள்வது ஒரு நிலை. அதனை ஏவல் கொள்வது அடுத்த நிலை. புறநானூற்றிலே வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் கரிகாலனைப் பாடும்போது, கடலிலே நாவாய் ஓட்டிக் காற்றைத் தொழில் செய்வித்த முன்னோனின் வழித்தோன்றல் என்று அவனை அழைக்கிறார். பின்னர் அதே பாட்டிலே, உன்னிடம் தோற்று, புறப்புண் நாணி வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லனோ என்றும் கேட்டுவிடுகிறார்! காற்றை அடக்கிய குலத்து மன்னனாயினும் ஒரு குயவர் குலப் பெண்ணின் வாய்ச்சொல்லை அடக்க முடியவில்லை. அது நிற்க. காற்று வேலைக்காரனாகலாம் என்ற எண்ணம் அக்காலத்திலேயே தமிழிலே சொல்லாகிவிட்டது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

கிரேக்கரும் உரோமரும் இந்தக் காற்றின் இரகசியத்தை அறிந்தமை பற்றி, கி.பி. முதலாம் நூற்றாண்டிலே எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடற் பெரிப்புளூஸ்’ என்ற நூல் கூறுகிறது. இப்பலஸ் என்ற மாலுமி நடுக்கடலை ஊடறுத்துச் செல்லும் வழியைக் கண்டான் என்றும், அதனாலே தென்மேல் காற்றுக்கு அவன் பெயரே வழங்கியது என்றும் அந்நூல் சொல்லும். அராபியரும் நம்மவரும் அதற்கு முன்பே அறிந்திருந்த காற்றுக்கு, தாம் அறிந்த நாளிலே அவர்கள் பெயரிட்டுக்கொண்டனர் என்பதே பொருத்தம். செங்கடல் வாயிலிலுள்ள ஒக்கேலிஸ் துறையிலிருந்து முசிறிக்கு வர 40 நாள் செல்லும் என்று பிளினி எழுதியுள்ளார்.

அதே பிளினி நமது நாட்டைப் பற்றியும் ஒரு கதை சொல்கிறார். கிளோடியஸ் மன்னன் காலத்திலே, செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவனின் ஆள் ஒருவன், அடிமையாயிருந்து விடுதலை பெற்றவன், அரேபியாவைச் சுற்றிக் கப்பலிலே போனான். வடக்கிலிருந்து அடித்த பெருங்காற்று அவனை அள்ளிக்கொண்டு வந்தது. 15ஆம் நாள் அவன் இலங்கையின் இப்புறோஸ் என்ற துறையிலே ஒதுங்கினான். இத்துறை இன்றைய குதிரைமலை என்பாரும் உளர். ‘இப்பொஸ்’ என்பது கிரேக்கத்திலே குதிரை. அவன் வாயிலாக உரோமின் பெருமையை அறிந்த நம் நாட்டு மன்னன் அங்கே தூதுவர்களை அனுப்பினான். ஒரு வாடைக்காற்று வழி தவறச் செய்த ஒரு மனிதனால் இரண்டு அரசுகள் ஒன்றை ஒன்று அறிந்தன.

பிற்காலத்திலே அராபியர் இப்பருவத்தை ‘மவ்சிம்’ என்றனர். அதற்குப் பொருள் பருவம் என்பதே. போர்த்துக்கேயர் அதனை எடுத்து ‘மொன்சாவோ’ என்றனர். ஆங்கிலேயர் வாயிலே அது ‘மொன்சூன்’ ஆயிற்று. நாம் பருவக்காற்று என்கிறோம். அராபிய மாலுமி பருவம் என்றான். நாம் பருவத்தோடு காற்றையும் சேர்த்துக்கொண்டோம். நமது பாடநூல்களிலே வழங்கும் ‘தென்மேல்’, ‘வடகீழ்’ என்ற சொற்களும் நோக்கத் தக்கவை. நிலம் மேலாக உயர்ந்த திசை மேற்கு, கீழாகத் தாழ்ந்த திசை கிழக்கு என்ற பழந்தமிழ் நிலக்காட்சி அவற்றிலே இன்றும் உறைந்து நிற்கிறது.

காற்றை நம்பி நம்மவர் சென்ற தூரத்திற்கு எல்லை, சென்ற நூற்றாண்டிலே ஒருமுறை அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்தது. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வல்வை மாலுமிகள் செலுத்த அது செங்கடல் வழியாகவும் மத்தியதரைக் கடல் வழியாகவும் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அக்கப்பலைச் செலுத்தியோருக்கு வாடையும் சோளகமும் இலக்கியமும் அல்ல, கொச்சையும் அல்ல. அவையே அவர்களின் சாத்திரம்.

கடலை விட்டு உடலுக்குள் வருவோம். திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் முதற்குறளிலே, மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் செய்யும் மூன்றைச் சொல்லும்போது, வளியை முதலாக வைத்து எண்ணுகிறார். வாத, பித்த, சிலேற்பனம் என்று வைத்தியர் சொல்லும் மூன்றிலே வாதம்தான் இந்த வளி. வாதம் வடமொழிச் சொல். வீசுதலைக் குறிக்கும் அடியிலே பிறந்தது. ஆங்கிலத்து ‘விண்ட்’ என்பதும் இலத்தீனத்து ‘வெந்துஸ்’ என்பதும் அதற்கு உடன்பிறந்தவை. ஒரு சொல் இலண்டனிலே காற்றாக வீசுகிறது. அதன் சகோதரச் சொல் நம் ஊரிலே முழங்காலைப் பிடிக்கிறது! ‘வாதம் செய்கிறான்’ என்று சொல்லும்போது வருகின்ற வாதம் வேறு. அது பேசுதலைக் குறிக்கும் இன்னோர் அடியிலே பிறந்தது. தமிழ் எழுத்திலே இரண்டும் ஒன்றாகிவிட்டன. வீண்வாதம் செய்வோரைப் பார்த்து ‘காற்றுத்தான்’ என்று சொல்வதற்கு இலக்கணம் இடம் தராவிட்டாலும் எழுத்து இடம் தருகிறது.

பிராணன், அபானன், உதானன், வியானன், சமானன், நாகன், கூர்மன், கிருகரன், தேவதத்தன், தனஞ்செயன் என்று உடலுக்குள்ளே பத்து வாயுக்களை நம் முன்னோர் எண்ணினர். கொட்டாவிக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று என அவற்றுக்கு வேலையும் வகுத்தனர். மற்றவை நீங்கிய பின்னரும் தனஞ்செயன் உடம்பை விட்டுப் போகாது நிற்கும் என்பது அவர்கள் கொள்கை. ‘உயிர்’ என்ற சொல்லே ‘உயிர்த்தல்’, அதாவது மூச்சு விடுதல், என்பதோடு கூடியது. கிரேக்கரின் ‘நியூமா’, எபிரேயரின் ‘ரூவா’ என்பவையும் காற்று, மூச்சு, ஆன்மா என்ற மூன்றையும் ஒருங்கே குறிப்பவை. யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்திலே காற்றைச் சொல்வதுபோலவே ஆவியையும் சொல்லும் ஓரிடம் உண்டு. மூலத்திலே இரண்டும் ஒரே சொல். தமிழிலே ‘காற்று’ என்றும் ‘ஆவி’ என்றும் இரண்டு சொற்களாகப் பிரிந்துவிடுகின்றன. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கி 1850இல் அது அச்சேறியது. மொழிபெயர்ப்பு என்ற வேலையிலே இப்படிப்பட்ட இடங்கள் எத்தனை பெரிய கல்விமானையும் நிறுத்தி யோசிக்க வைப்பவை.

இனி அன்றாடப் பேச்சு. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது களத்துமேட்டிலே பிறந்த பழமொழி. சூடடித்த நெல்லைக் காற்றிலே விட்டுப் பதரைப் பறக்கவிடுவதே தூற்றுதல். இந்தச் சொல்தான் பின்னர் ஒருவனைப் பற்றிப் பழி பரப்புவதற்கும் பெயராயிற்று. ஊரார் ஒருத்தியைத் தூற்றுகிறார்கள் என்றால், பழிச்சொல்லைக் காற்றிலே விடுகிறார்கள் என்பது பொருள். வேறுபாடு ஒன்றே. களத்திலே தூற்றினால் நெல் நிற்கும், பதர் பறக்கும். ஊரார் தூற்றினால் பதர்தான் நம் தலையிலே வந்து விழும். ‘காற்றுவாக்கிலே கேள்விப்பட்டேன்’, ‘கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனேன்’, ‘ரயருக்குக் காற்றுப் போய்விட்டது’, ‘பிள்ளைக்குக் காத்துப் பட்டிட்டுது’ என்றெல்லாம் நாள்தோறும் பேசுகின்றோம். செய்தியும் காற்று, சுகமும் காற்று, சக்தியும் காற்று, பேயும் காற்று. மார்கழி, தை மாதங்களிலே விண் பூட்டிய பட்டம் வானத்தில் கூவும்போது, காற்றுக்குக் குரலும் கொடுத்துவிடுகின்றோம்.

ஆனால் காற்று எப்போதும் கூவுவதில்லை, சிலபோது கொல்லும். அதன் பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. தமிழகத்தார் ‘புயல்’ என்கின்றனர். பழந்தமிழிலே புயல் என்பது மேகம், மழை. உழவருக்கு வருவாய் தரும் மழையைத்தான் வள்ளுவரும் புயல் என்றார். வாழ்வு தந்த சொல் காலப்போக்கிலே அழிவைக் குறிக்கும் சொல்லாயிற்று. நாம் இங்கே ‘சூறாவளி’ என்கின்றோம். சூறையும் வளியும் சேர்ந்தது. சூறை என்றால் சுழல். கொள்ளை என்றும் பொருள். பழைய வளி இங்கே நம் வாயிலே இன்னும் உயிரோடு இருக்கிறது. 1964 மார்கழியிலே தனுஷ்கோடியை அழித்து, நம் வடகரையையும் தாக்கிய சூறாவளியையும், 1978 கார்த்திகையிலே, நவம்பர் 23ஆந் திகதி இரவு, மட்டக்களப்பைச் சூறையாடி ஆயிரம் பேரளவில் பலிகொண்ட சூறாவளியையும் கண்டவர்களுக்கு அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் தெரியும். சுழலவும் செய்தது, கொள்ளையும் கொண்டது. மட்டக்களப்பிலே பிள்ளை பிறந்த ஆண்டைச் ‘சூறாவளிக்கு முந்தி’, ‘சூறாவளிக்குப் பிந்தி’ என்று சொல்லும் முதியவர்கள் உண்டு.

சூறாவளியின் நடுவிலே அமைதியான ஓரிடம் உண்டு. அதனைக் ‘கண்’ என்பர். அந்தக் கண் நம்மைக் கடக்கும்போது காற்று ஓய்ந்துவிடும். முடிந்தது என்று வெளியே வருபவனை, சிறிது நேரத்திலே எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று அடித்து வீழ்த்தும். காற்றின் திசை மாறுவதைக் கவனிப்பவன் உயிர் தப்புவான். எங்கள் பாட்டன்மார் காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தது பாட்டுக்காக மட்டுமன்று. பெயர் இருந்தால்தான் கவனம் இருக்கும். பெயர் இல்லாத ஒன்று மாறினாலும் மாறவில்லை என்றே மனிதனுக்குத் தோன்றும்.

இன்று அந்தக் கவனம் குறைந்து வருகிறது. பாய் போய் இயந்திரம் வந்தது. போர்க்காலத்திலே கடல் வலயத் தடைகளால் பல கரைகளிலே தொழில் முடங்கியது, மக்கள் இடம்பெயர்ந்தனர். 2004 ஆழிப்பேரலை கரையோரக் குடும்பங்களைக் குலைத்தது. 2009இன் பின்னர் கரைக்குத் திரும்பிய பலருக்குக் கடல் இருந்தது. தகப்பனிடம் மகன் காற்றின் பெயர்களைக் கேட்டுப் பழகும் தொடர்ச்சி இருக்கவில்லை. கைத்தொலைபேசியிலே காற்றின் வேகம் இலக்கத்திலே வருகிறது. அது நல்லதே; அதனை மறுப்பது அறிவுடைமையன்று. ஆனால் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற இலக்கம், இந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும், எந்தக் கரையில் வள்ளம் இறக்கலாம் என்று சொல்லுவதில்லை. சோளகம் என்ற ஒரு சொல் அத்தனையையும் சொல்லியது.

காற்று மீண்டும் வேலைக்காரனாகும் காலமும் வந்திருக்கிறது. மன்னாரிலே 2020 மார்கழியில் தொடங்கிவைக்கப்பட்ட காற்றாலைத் திட்டத்திற்குத் ‘தம்பபவனி’ என்று பெயர். இந்நாட்டின் பழைய பெயரும், காற்றைக் குறிக்கும் பவனம் என்ற வடசொல்லும் அதிலே கூடி நிற்கின்றன. கரும்பு பிழியும் இடத்திற்கே முன்னர் ஆலை என்று பெயர்; இன்று காற்றையும் ஆலையிலிட்டு மின்சாரம் பிழிகின்றோம். ஆனால் புதிய காற்றாலைகள் வேண்டாமென்று 2025இல் மன்னார் மக்கள் வீதியிலே இறங்கிப் போராடினர். நாட்டுக்கு மின்சாரம், அந்தத் தீவாருக்கோ தம் நிலத்தையும் நீரையும் பறவைகளையும் பற்றிய கவலை. ஒரே காற்று, ஒருவருக்கு நல்லது, இன்னொருவருக்கு நெடியது. நக்கீரர் வைத்த பெயர் இன்றும் பழுதாகவில்லை.

நேயர்களே, 1842இலே யாழ்ப்பாணத்திலே மானிப்பாய் அகராதி அச்சேறியது. யாழ்ப்பாணத்திலே நைற் பாதிரியார் தொடங்கிய சொற்றொகுப்பு வேலையின் பலனாக, 1862இல் சென்னையிலே வின்சுலோ அகராதி வெளிவந்தது. அதன் முகப்பிலே உயர்ந்த தமிழுக்கும் தாழ்ந்த தமிழுக்கும் ஆன அகராதி என்று பொறித்தார்கள். தாழ்ந்தது என்று பெயரிட்டாலும், அதனையும் தொகுக்க வேண்டும் என்ற அறிவு அன்றைக்கு இருந்தது. இன்றைக்கு நாம் செய்ய வேண்டியது என்ன? கரையோரப் பாடசாலைகளிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவரைக் கொண்டு அவ்வூர் முதியவர்களிடம் காற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுவிக்கலாம். எந்த மாதத்திலே எந்தக் காற்று, அதற்கு எந்தத் தொழில், எந்த மீன், எந்தப் பயிர் என்று நாலு நிரலிலே குறித்தால் போதும். செலவில்லாத வேலை. நெடுநல்வாடையைப் படிப்பிக்கும் அதே பாடவேளையிலே சோளகத்தையும் கச்சானையும் சொல்லிக்கொடுத்தால், வாடை என்பது மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம் என்று எண்ணும் பிள்ளைக்கும் சங்கப் பாடல் தன் ஊர்ப் பாடலாகிவிடும்.

உந்தியிலிருந்து எழும் வளியே மொழியாகிறது என்றார் தொல்காப்பியர். அந்த வளிக்கு நம்மவர் இட்ட பெயர்களை நம் பிள்ளைகளின் வாயிலே விட்டுச்செல்வது நம் கடன். அடுத்த வாரம் ‘திரை’ என்ற சொல்லோடு சந்திப்போம்.